ஓட்டத் தெரியாத சைக்கிள்

பிப்ரவரி 9

கல்யாண விடுப்பு முடிந்து இன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். "என்ன, புதுப்பொண்ணு முகத்துல களையே இல்ல?" என்றார் முதலாளி. சிரித்து மழுப்பினேன். களை எங்கிருந்து வரும்?

முதல் இரவுக்கு மறுநாள் காலை, பல்கூட விளக்கவில்லை, அத்தை அறைக்குள் வந்தார். கட்டிலில் இருந்த வெள்ளை விரிப்பை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று நானும் இப்படித்தான் பார்ப்பேன். விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. மடித்து எடுத்துப் போனார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதே அளந்துதான்.

பிப்ரவரி 11

இன்று என் கணவரே வாயைத் திறந்து கேட்டுவிட்டார்.

"உனக்கு முன்னாடி யாராவது...?"

"இல்ல."

"அப்போ ஏன் ரத்தம் வரல?"

எனக்கு என்ன தெரியும்? வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதெல்லாம் கணக்கில் சேராதா? தனக்கு ஒரு தோழி இருந்ததைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னவர் இவர், அதுவும் கொஞ்சம் பெருமையாக. நான் எந்த விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது?

பிப்ரவரி 16

வேலைக்கு நடுவே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

"அது மூடி இல்லம்மா. வாசலோட ஓரத்துல இருக்கற மெல்லிசான சவ்வு, அவ்வளவுதான். முழுசா மூடியிருந்தா மாதாமாதம் வர்றது எப்படி வெளியே வரும்? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சிலருக்கு விரிஞ்சு கொடுக்கும், சிலருக்கு லேசாக் கிழியும். நிறையப் பேருக்கு முதல் தடவை ரத்தமே வராது."

இத்தனை வயதாகியும் என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியவில்லை. கன்னித்திரை என்று பெயர் வைத்தவன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

பிப்ரவரி 20

அவரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "அப்போ நீங்க பார்த்துச் சொல்ல முடியாதா டாக்டர்?" என்றார்.

"என்னால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது."

படியிறங்கும்போது சொன்னார்: "அவங்களும் பொம்பளைதானே, விட்டுக் கொடுப்பாங்களா?"



பிப்ரவரி 27

நேற்று அத்தை என் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைத்தார். அவரும் இரவு என் பக்கம் திரும்பிப் படுத்தார். என்ன மாயம் என்று புரியாமல் இருந்தேன். காலையில் அம்மா போனில் சொன்னாள்.

"நீ சொல்லி அழுதது பொறுக்காம உங்க அத்தைகிட்ட பேசிட்டேன்டி. சின்ன வயசுல நீ சைக்கிள் ஓட்டி விழுந்து, அப்பவே கிழிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுக்கிட்டாங்க."

சைக்கிளா? நான் எந்தக் காலத்தில் சைக்கிளைத் தொட்டேன்? ஓட்டினால் ஆம்பளை மாதிரி இருக்கும் என்று விடாதவளே இவள்தான்!

மறுக்கவா, விடவா? மறுத்தால் மறுபடியும் அந்தப் பார்வை. விட்டால், என்னிடம் ஏதோ இருந்து தொலைந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். டாக்டர் சொன்ன உண்மை இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அம்மாவின் பொய்க்குக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 1

விட்டுவிட்டேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது. அதுதான் கேவலமாக இருக்கிறது.

மார்ச் 15

நாத்தனார் வந்திருந்தார், மகளோடும் மகளுடைய புது சைக்கிளோடும். எல்லோரும் வாசலில் நின்றோம். குழந்தை தடுமாறுவதைப் பார்த்து அத்தை சொன்னார்: "உன் மாமி நல்லா ஓட்டுவாங்க. ஏறிக் காட்டச் சொல்லு."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இன்னும் எனக்கு விளங்கவில்லை. குழந்தை சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டது. பிடித்தேன். நிற்கவைக்கவே வரவில்லை, கைப்பிடி ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது. அம்மா சொன்னது பொய். டாக்டர் சொன்னதுதான் உண்மை" என்றேன்.

அத்தை அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நாத்தனார் குழந்தையை உள்ளே அனுப்பினார்.

மார்ச் 16

"யாருன்னு மட்டும் சொல்லிடு. நான் மன்னிச்சிடறேன்" என்கிறார்.

யாருமில்லை என்றால் நம்பமாட்டார். எவனாவது ஒருவன் பெயரைச் சொன்னால் உடனே நம்புவார். அழுவார், மன்னிப்பார், ஆயுசுக்கும் அந்த மன்னிப்பைச் சொல்லிக் காட்டியே குடும்பம் நடத்துவார். செய்யாததுக்கு மன்னிப்பா? அடச்சீ! எனக்கு எவன் மன்னிப்பும் வேண்டாம்.

மார்ச் 17

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உடுத்திய துணியோடு.

மார்ச் 18

அம்மா இன்றும் அழுது முடிக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தானேடி சொன்னேன். நீ சும்மா ஏறி, தொப்புனு விழுந்திருந்தாக்கூட நம்பியிருப்பாங்களே. பழக்கம் விட்டுப்போச்சுன்னு சமாளிச்சிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளோடு சேர்ந்து அழுதேன்.

ஏப்ரல் 22

என் பெட்டியை அனுப்பிவிட்டார்கள். துணிகளுக்கு மேலே அந்த வெள்ளை விரிப்பு, சலவை செய்து, இஸ்திரி போட்டு. அதையும் என் சாமான் என்று அத்தை நினைத்துவிட்டார் போல.

மே 30

அவன் கடைக்கு வந்தான். எல்லாவற்றையும் மறந்துவிட்டானாம், திரும்பி வரவேண்டுமாம். எதை மறந்தாய் என்று கேட்டேன். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 14

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். விரிப்பைக் கிழித்துச் சங்கிலியைத் துடைத்தேன். ஒரே கறுப்பு.

ஜூன் 21

கடைக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் இன்று யாரும் பிடிக்காமல் ஓட்டினேன். மரம் வரை நன்றாகத்தான் போனேன். திரும்பும்போது விழுந்தேன். முழங்காலில் நல்ல அடி. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா பதறிவிட்டாள். "என்னடி இது? இவ்வளவு ரத்தம்!"

"சைக்கிள்ல விழுந்துட்டேம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பஞ்சு எடுக்க உள்ளே போனாள்.