நிப்பாட்ட ஏலாத கார்

மகள் கொழும்பிலிருந்து புதுக் காரில் வந்தாள். உங்கள் கருமாதிக்கு வந்த சொந்தங்கள் இன்னும் கிளம்பவில்லை. எல்லாரும் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். நான் முன் சீட்டில் ஏறினேன். பழக்கத்தில் கண் அவள் காலடிக்குத்தான் போனது. அங்கே மிதிகட்டை இரண்டுதான் இருந்தது.

"மூணாவது எங்கடி?"

"இதுல கிளச்சே கிடையாதும்மா. கியர் தன்னால மாறும்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே நின்ற என் தம்பிக்கும் வரவில்லை. கதவருகே குனிந்து அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதை உங்கள் காதில் போடாமல் எனக்கு ஆறாது. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன். நீங்கள் மறந்துவிடுகிற ஆள். நான் அப்படி இல்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களிடம் சட்டம் மாதிரி. அம்மா பழைய சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்து, காயச் சரக்கு, நல்லெண்ணெய் எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். இந்த மகளைப் பெற அவள் வீட்டுக்கு நான் போகுமுன்னே வலி கண்டுவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இரத்தினபுரிக்குக் கொண்டு போ என்றார். உங்களிடம் அப்போது அந்தப் பழைய பச்சைக் கார் இருந்தது. அதை வைத்துத்தான் வாடகைக்கு ஹயர் ஓடினீர்கள். அம்மா ஓப்பநாயக்க சந்தியில் நிற்கட்டும், ஏற்றிக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பினீர்கள்.

கோயில் வளைவு தாண்டியதும் உங்கள் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். என் வலியிலும் அது எனக்குக் கேட்டது.

"என்னங்க அது?"

"கிளச் கம்பி அறுந்துருச்சு புள்ள."

"அப்ப நிப்பாட்டிப் பாருங்க."

"நிப்பாட்டினா திருப்பி எடுக்க ஏலாது. பெட்டரியும் செத்துக் கிடக்கு. நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, நான் பாத்துக்கிறேன்."

அன்று நீங்கள் ஓட்டிய மாதிரி யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. காலை எடுத்து, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை பொறுத்து, கியரை மெல்ல நழுவ விட்டீர்கள். மேடு வந்தால் ஒரு உறுமல் கொடுத்து, சத்தம் ஏறி வருகிற அந்த நொடியில் கீழ்க் கியருக்குத் தள்ளினீர்கள். பல்லோடு பல் உரசவே இல்லை. "கியரக் கையால போடக் கூடாது, காதால போடணும்" என்று எப்போதும் சொல்வீர்கள். பீற்றிக்கொள்கிறாரே மனுசன் என்று நினைத்திருக்கிறேன். அன்றுதான் நம்பினேன்.

சந்தி நல்ல மேடு. அம்மா துணிப் பையோடு ரோட்டோரம் கையை நீட்டி நின்றாள். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனர் வேலை பார்த்த என் தம்பி. நீங்கள் தலையை வெளியே நீட்டிக் கத்தினீர்கள்: "அத்தே, நிப்பாட்ட ஏலாது! பஸ்ஸுல வாங்க!" முதல் பாதியை எஞ்சின் விழுங்கிவிட்டது. அம்மாவுக்குப் பின் பாதிதான் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். கார் போன பிறகும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

பெல்மதுளை கடைவீதியில் "பாறென் அயின் வென்ட!" என்று வழி விடச் சொல்லிச் சிங்களத்தில் நீங்கள் போட்ட சத்தத்தில் சனம் ரோட்டை விட்டுத் துள்ளி ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில்தான் கார் ஒரு குதி குதித்து நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றாள் நர்ஸ்.

மறுநாள் அம்மா பஸ்ஸில் வந்தாள். பிள்ளையைத் தூக்கி முகர்ந்தாள். உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினீர்கள்.

"ஒடஞ்ச காரு எப்பிடிய்யா ஓடும்?" என்றாள் அம்மா. "எனக்குக் காரு தெரியாது. ஓடுறதும் ஓடாததும் தெரியும். பெத்தவள ரோட்டுல விட்டுட்டு, பஸ்ஸுல வான்னு சொன்ன வாயி இது."

தலைப்பிரசவத்துக்குத் தாயைத் தெருவில் விட்டவன் என்று லயம் லயமாகப் பேசினார்கள். யார் யார் பேசினார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். நான் சண்டைக்குக் கிளம்பினபோதெல்லாம் நீங்கள் தடுத்தீர்கள்: "விடு புள்ள. நல்லா ஓட்டினதுதான் என் குத்தம்."

அதற்குப் பிறகு அம்மா உங்கள் காரில் ஏறவே இல்லை. காதுகுத்துக்கும் சடங்குக்கும் பஸ்ஸில் வந்தாள். "வரச் சொன்ன மாதிரிதான் வந்திருக்கேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த அன்று காரைத் துடைத்து லயத்தடியில் கொண்டு வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவள் திறந்த கதவைத் தாண்டி நடந்து போனாள். நானும் தம்பியும் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினோம். கடைசி சீட்டுத்தான் கிடைத்தது. நீங்கள் வெறுங்காரோடு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தீர்கள். பஸ் நின்ற ஹோல்ட்டில் எல்லாம் நின்றீர்கள், எங்கேயாவது மனம் மாறி இறங்கிவிட மாட்டாளா என்று.

அம்மா பின் கண்ணாடி வழியே பார்த்தாள். "ஏன் முந்தாம வாறான்?"

"ஒங்களுக்காகத்தாம்மா. இறங்கிக்கங்களேன்."

வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்ப நிப்பாட்டத் தெரியுதோ."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. அந்தப் பேச்சை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

இனித் தம்பியின் வார்த்தைக்கு வருகிறேன். மகளின் காரை எட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு மச்சானும் கிளச் இல்லாமத்தானே அக்கா அந்த மேட்டுல போனாரு" என்றான். "சத்தத்துலயே எனக்கு விளங்கிச்சு."

நான் காரை விட்டு இறங்கினேன். "அப்ப அம்மாகிட்ட ஏண்டா சொல்லல?"

"மச்சான்கிட்ட கார் பழகக் கேட்டேன், தரல்ல. அந்தக் கோவம். பொறகு சொல்லலாம்னு இருந்தேன். சொல்ற நேரம் போயிருச்சு."

அம்மா உங்களை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. அவனை நம்பியிருப்பாள். லொறியில் வேலை செய்கிறவன், பெற்ற மகன், பக்கத்திலேயே நின்றவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் உங்கள் காரில் ஏறியிருப்பாள். அவன் அழுதான். நான் டீ கொடுக்காமல் அனுப்பினேன். செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்றார்கள் சொந்தங்கள். சண்டை இல்லை, இனி அவன் என் வாசல் மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

விடு புள்ள என்பீர்கள். விட மாட்டேன். உங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாத கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.

மகள் கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். பிரஷர் குளிசைக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். முன்னால் இடம் இருந்தாலும் கடைசி சீட்டில்தான் உட்காருகிறேன். பஸ் நிற்கிற ஹோல்ட்டில் எல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். லொறி வருகிறது, வேன் வருகிறது, த்ரீவீல் வருகிறது. எல்லாரும் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போகிறார்கள்.