குளியலறை ஜன்னலில் இருந்த படம்

மார்ச் 4
மருமகள் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஏழு மாதம். எழுபத்திரண்டு வயதில் எனக்கு நானே எழுதுகிறேன். என்ன சுகம்!

ஒரு கவலை. மாடிப்படியில் என் வீட்டுக்காரி மூன்று இடத்தில் நிற்கிறாள். முன்பெல்லாம் கீழ்ப்படியில் என்னைத் திட்டத் தொடங்கினால் இரண்டாவது மாடியில் எங்கள் வாசல் வந்துதான் முடிப்பாள். இப்போது ஏறும்போது பேச்சே இல்லை.

மார்ச் 9
ஆஸ்பத்திரி. அவளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற குழாய் தடிப்பா தெரியுது. அங்க ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். சிலருக்கு ரொம்ப நாளாவே இப்படி இருக்கும். பழைய படம் இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

இதய ஸ்கேனுக்கு வரிசை இரண்டு மாதம். இரண்டு மாதமா? அதுவரை இவள் —

மார்ச் 10
இருக்கிறது! நான்கு வருஷம் முன்பு இருவருக்கும் இருமல் வந்தபோது எடுத்த படங்கள். குளியலறை ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் நான்தான் ஒட்டினேன்.

"கீழ இருக்கறது என்னோடது. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

பிய்த்து, மூலையில் சோப்புக் கறையைத் துடைத்து, எழுத்துக் கூட்டினேன். என் பெயர்! மேலே இருந்ததுதான் அவளுடையது.

"உங்க நெஞ்சைப் பார்த்துக்கிட்டா இத்தனை வருஷம் குளிச்சேன்?" சிரித்தாள். பாதிச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

மார்ச் 11
பழையதையும் புதியதையும் டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் மாட்டினார். நாற்பது வருஷம் சுவருக்கு வெள்ளையடித்தவன் நான். எனக்கே தெரிந்தது. பழையதில் ஒடுங்கியிருந்த இடம் புதியதில் புடைத்து நிற்கிறது.

"இது புதுசா வந்தது, ஐயா. எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் சொல்லும். நாளைக்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

மார்ச் 14
அழுத்தம்தான். அடுத்த ஸ்கேனில் காரணமும் தெரிந்தது: நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி. மருந்து உண்டாம். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

மருமகளிடம் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: நன்றி கண்ணு. படித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20
மாத்திரைப் பெயரை நானே படித்துக் கொடுக்கிறேன்.

ஜூன் 22
இன்று காலை கடைக்குப் போய் வந்தோம். குளியலறை ஜன்னல் இன்னும் ஓட்டையாகவே இருக்கிறது, புழுதிக்காற்று அடிக்கிறது என்று கீழ்ப்படியில் தொடங்கினாள். முதல் மாடி. இரண்டாவது மாடி. நான் பூட்டைத் திறக்கும்வரை ஓயவில்லை.

ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் போடலாம் என்றிருக்கிறேன்.