சட்டைமேல் போட்ட பழி

தாயி,

பக்கத்து வீட்டுப் பிலோமினா எழுதித் தருகிறாள். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நீ பனிச்சறுக்கு நடனத்தில் மலேசியா சாம்பியன் ஆனபோது உனக்குப் பதினாறு வயது. அம்மா தவறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கனடாவில் பயிற்சிக்கு இடம் கிடைத்து, அப்பா கையெழுத்து வேண்டுமென்று என்னைக் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டார்கள். கோலா பிலாவில் பஸ் ஏறும்போது சட்டைப் பையில் புதுப் பேனா வைத்திருந்தேன்.

அங்கே மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்ததும், ஆட்டச் சட்டையோடு நின்ற உன்னைக் காட்டி, "இந்த உடுப்புல ஊர் முன்னால ஆட என் மகள அனுப்ப மாட்டேன்லா!" என்று கத்தினேன்.

"இதப் போட்டுத்தானேப்பா ஜெயிச்சேன்," என்றாய். நான் வெளியே போய்விட்டேன்.

அடுத்த வருடம் ஆடுவதையே விட்டாய். உன் கல்யாணத்தன்று முழுக்கை ரவிக்கையோடு வந்து, "இது போதுமாப்பா?" என்றாய். போதும் என்றேன்.

எனக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது, தாயி. உன் பள்ளிக்கூடத் தாள்களில் எல்லாம் அம்மாதான் கையெழுத்திட்டாள். அத்தனை பேர் முன்னால் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டேன்.

"இதையும் எழுதணுமா, பெரியப்பா?" என்கிறாள் பிலோமினா. எழுது என்றேன்.

அந்தச் சட்டையில் ஒரு குற்றமும் இல்லை. நீ ஜெயித்த அன்று கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். நீ சுழன்றபோது பக்கத்திலிருந்த சீனக் கிழவரிடம், "அனாக் சாயா, என் மக," என்று மலாயிலும் தமிழிலுமாக இரண்டு முறை சொன்னேன்.

உன்னிடம்தான் சொல்லவில்லை.

உன் அப்பா