பௌத்தநாத்தில் முக்கால் மணி நேரம்

நெருப்பெரிச்சல்,
4.4.2024

கண்ணு தமிழ்மதிக்கு,

அப்பா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி.

உன் போன் நம்பரைச் சித்ரகலா தரவில்லை. அஞ்சு வருசமாக நம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே உன்னோடு பேசி வந்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் தெரியும். கேட்டதற்கு, "நம்பரு மட்டும் கேக்காதீங்க மொதலாளி. கடுதாசி எழுதிக் குடுங்க, போட்டோ எடுத்து அனுப்பறனுங்க. வேலைய உட்டு நிறுத்தறதுன்னா இப்பவே நிறுத்திக்குங்க" என்றாள். நிறுத்தவில்லை. முகத்துக்கு நேரே பேசுகிற ஆள் கம்பெனியில் ஒருத்தியாவது வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். "அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே வா" என்று எழுதச் சொல்லி நாலு பேர் யோசனை சொன்னார்கள். நம் பக்கத்தில் ஓடிப்போன பிள்ளைகளை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். உங்கம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். என்னோடுதான் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நீ அந்த நேபாளத்துப் பையன் பிஜயோடு போன ஒன்பதாம் நாள், உன் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒட்டினேனே, அன்றிலிருந்து.

போஸ்டர் அடித்தது நான். பங்காளிகளைக் கூட்டி, உயிரோடு இருக்கிற மகளுக்குக் கருமாதி செய்து தலைமுழுகியதும் நான். சரக்கில் தப்பு என்னுடையது என்றால் அதை வாங்குகிற பையரிடம் அன்றைக்கே ஒத்துக்கொள்கிறவன். உன்னிடம் ஒத்துக்கொள்ள அஞ்சு வருசம் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர், "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று வாயில் வந்துவிட்டது. உங்கம்மா சாப்பிட்ட இலையை மூடாமல் எழுந்து, தனியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குன்னத்தூர் திருமூர்த்தி ஆள் சேர்த்து நேபாளத்துக்கு நாலு நாள் டூர் கூட்டிப்போகிறார். மே எட்டாம் தேதி. பசுபதிநாதர், புத்தநீலகண்டர், சுயம்புநாதர், பௌத்தநாத். எனக்குக் கோயில் குளம் பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது என்று உனக்குத் தெரியும். நீ அந்த ஊரில் இருக்கிறாய் என்பதற்காகப் பேர் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அப்பா,
சிவராஜ்


காத்மாண்டு,
11.4.2024

அப்பாவுக்கு,

கடிதத்தைக் கிழிக்க முடியாது, போனில்தானே வந்தது. மூன்று தடவை படித்தேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று உண்மையை எழுதியதற்கு நன்றிங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

போஸ்டரைப் பற்றிச் சொன்னீர்கள். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. மங்கலத்தில் நாங்கள் தங்கியிருந்த ரூமுக்கு உங்கள் தம்பி மகன் இளங்கோ அண்ணன் நாலு பேரோடு வந்து, பிஜயின் வலது மணிக்கட்டை முறித்துவிட்டுப் போனார். உங்கள் கம்பெனியிலேயே நல்ல கட்டிங் மாஸ்டர் என்று நீங்களே சொன்ன கை அது. இன்றைக்கும் அவருக்கு விரல் மடங்காது. இடது கையால் டீ ஆற்றி விற்கிறார். அண்ணனை நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. "வா கண்ணு" என்ற பேச்சை நம்பிப் போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். பிஜய் போகவே கூடாது என்கிறார். அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் அதிசயம்.

ஆனாலும் வருகிறேன். நான் சொல்கிற இடம், நான் சொல்கிற முறை. பௌத்தநாத் ஸ்தூபி. எப்போதும் ஆயிரம் பேர் வலமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் சுற்றுங்கள். நான் உங்களைப் பார்த்துவிட்டு வருவேன். தனியாக வாருங்கள்.

உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். ஜனனி. நாலு வயது. இந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். அன்றைக்கு அவளைக் கூட்டிவர மாட்டேன்.

தமிழ்மதி


நெருப்பெரிச்சல்,
14.4.2024

என் கண்ணு தமிழுக்கு,

சித்திரை முதல் நாள் உன் கடிதம் கையில் கிடைத்தது. உங்கம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பேத்தி பேரு ஜனனியாமா?" என்றாள். அஞ்சு வருசத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இளங்கோவை நான் அனுப்பவில்லை. ஆனால், மறுநாள் சட்டையில் ரத்தக்கறையோடு கம்பெனிக்கு வந்தவனை, "ஏண்டா, என்னாச்சு?" என்று கேட்கவும் இல்லை. கேட்காததும் அனுப்பியதும் ஒன்றுதான் என்று நீ சொன்னால் வாதாட மாட்டேன்.

ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு எங்களைப் பௌத்தநாத்தில் இறக்கிவிடுவார்களாம். "ஒரு கோயிலுக்கு முக்கா மணி நேரமுங்க, அம்மணிங்களுக்கு ஸ்வெட்டர் கடைக்கு மட்டும் ரெண்டு மணி நேரமுங்க. அதக் கொறச்சா என்னைய ஊருக்குள்ள உடமாட்டாங்க" என்கிறார் திருமூர்த்தி.

நீ சொன்ன இடம், நீ சொன்ன முறை. ஆள் கட்டிக்கொண்டு வரமாட்டேன். உங்கம்மா முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்துவிடுகிறாள். நான் கோடு போட்ட நீலச்சட்டை போட்டிருப்பேன். வந்துவிடு கண்ணு.

உன் அப்பா


காத்மாண்டு, லாட்ஜ்,
9.5.2024, மாலை

தமிழ்,

ஏன் கண்ணு வரவில்லை?

பத்தரைக்கு இறங்கினேன். அந்த வெள்ளைக் கோபுரத்தில் எழுதியிருக்கிற கண் எந்தப் பக்கம் போனாலும் என்னையே பார்த்தது. சுற்றினேன். எதிரில் வருகிறவர்களைப் பார்க்கலாம் என்றால் அங்கே யாருமே எதிரில் வருவதில்லை, எல்லார் முதுகும்தான் தெரிகிறது. சடை போட்ட முதுகையெல்லாம் ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். ஒரு பெண் பயந்து கத்திவிட்டாள். பதினொன்றேகாலுக்குத் திருமூர்த்தி விசில் அடித்தார். "நான் வரலீங்க, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். பசுபதிநாதரும் வேண்டாம், புத்தநீலகண்டரும் வேண்டாம். மூன்று மணி வரை சுற்றினேன். முட்டி வீங்கிவிட்டது. முறுக்குப் பையைக் கீழே வைக்கவே இல்லை.

நான் தனியாக வரவில்லை என்று நினைத்துவிட்டாயா? கூட வந்தது இளங்கோ மட்டும்தான் கண்ணு. அவனை எதற்குக் கூட்டிவந்தேன் தெரியுமா? பங்காளிகள் கூடித் தலைமுழுகிய உன்னை, ஒரு பங்காளியாவது நேரில் வந்து கூப்பிட்டால்தான் நம் குலத்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். நான் மட்டும் வந்தால் அது அப்பன் பாசம், அவ்வளவுதான். அவன் வந்து கூப்பிட்டால் நீ குலதெய்வம் கோயிலுக்கு வரலாம், ஜனனிக்கு அங்கே மொட்டை போட்டுக் காது குத்தலாம். உன்னை அரைகுறையாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றுதான் செய்தேன். அவனும், "கால்ல உழுந்தாவது கூப்புட்டர்றேன் பெரியப்பா" என்றுதான் வந்தான். முன்கூட்டிச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று சொல்லவில்லை. அது என் கணக்குத் தப்பு.

ஆனால் ஒரு நல்ல செய்தி. இளங்கோ சும்மா இருக்கவில்லை. அவனுக்கு இந்தி வரும். உன் போட்டோவைப் போனில் காட்டிக் கடை கடையாகக் கேட்டான். ஒரு கம்பளிக் கடைக்காரர், "இந்தப் பொண்ணு தினமும் இப்படித்தான் கொழந்தையக் கூட்டிட்டுப் போவுது" என்று பள்ளிக்கூடத்தையே காட்டிவிட்டார். மஞ்சள் கேட் போட்ட பள்ளிக்கூடம்.

நாளைக்கு டூரோடு வரவில்லை என்று திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். நாளை மதியம் பள்ளி விடும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நிற்போம். பேத்தியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். இதை இப்போதே போட்டோ எடுத்துச் சித்ரகலாவுக்கு அனுப்பச் சொல்கிறேன், நீயும் வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன் தமிழ். வியாபாரத்தில்கூட யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

உன் அப்பா


10.5.2024

அப்பாவுக்கு,

நேற்று நான் வந்தேன்.

உங்களுக்குப் பின்னால் ஒரு சுற்று முழுக்க நடந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். சட்டைக் காலர் பின்பக்கம் நைந்திருந்தது. ஊருக்கே சட்டை தைத்து அனுப்புகிறவர் இப்படியா போட்டுக்கொள்வார் என்று திட்ட நினைத்தேன். கும்பிடுகிறவர்கள் கையால் சுழற்றிவிடுகிற பித்தளை உருளைகள் இருக்கிற வளைவில் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். டீக்கடையிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு, "பெரியப்பா, இந்தாங்க" என்று இளங்கோ அண்ணன் வந்தார். அந்தக் குரல் மங்கலத்து ரூம் கதவுக்கு வெளியே நான் கேட்ட குரல். முகத்தில் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு கூட்டத்தோடு வெளியே போய்விட்டேன்.

அண்ணன் உண்மையிலேயே காலில் விழத்தான் வந்திருக்கலாம். நீங்கள் நல்ல மனதோடுதான் அழைத்து வந்திருக்கிறீர்கள், அதையும் நம்புகிறேன். அதனால்தான் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்திருந்தால் போலீசுக்காவது போயிருப்பேன். நம் கூட்டம் என்று நீங்கள் சொல்வதில் சேராமல், அப்பா மட்டும் போதும் என்றுதான் நான் வந்தேன். அது உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை நேற்று பிஜயிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் டீக்கடை பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார். ஒரு கையால் முடிச்சு போட வராது. நான் பிடித்துக்கொண்டேன்.

மதியம் நீங்கள் கேட்டில் நிற்கும்போது நாங்கள் பஸ்ஸில் இருப்போம். சித்ரகலாவிடம் கேட்காதீர்கள். இனி அவளிடமும் நம்பர் இருக்காது. அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், ஜனனிக்கு அவள் மூக்கு.

காலையில் ஏழு மணிக்கே டீச்சர் வீட்டுக்குப் போய் எழுப்பி, ஜனனியின் பேரை எடுத்துவிடச் சொன்னேன். சேர்ந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லையே, என்ன காரணம் என்று கேட்டாள். "ஊரிலிருந்து எங்கப்பா வந்திருக்கிறார்" என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோசமான விசயம்தானே?" என்றாள்.

தமிழ்மதி