ஒரே எடைக்காரிகள்

ஜனவரி 12

என் அன்பு மூட்டைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். உன்னை அசைக்க இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? ஐந்து வருடம் உன்னைத் தரையிலிருந்து கிளப்பிப் பார்த்து இடுப்பு விட்டுப்போனவள் நான். அதனால்தானே உனக்கு இந்தப் பெயரே வைத்தேன்.

போனில் பேசினால் நான் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுகிறேனாம், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதாம். நீ சொன்னபடி எழுதுகிறேன். ஆனால் பட்டாசு காகிதத்திலும் வெடிக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

இந்தப் புது ஊரில் வீடு மூன்றாவது மாடி. பேருந்துப் பணிமனை பக்கத்திலேயே இருப்பதால் என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். எனக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி துணியை விரித்து விரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதலில் காட்டியதையே எடுத்துக்கொண்டு போவார்கள். ஜூடோ கூடம் ஒன்று இருக்கிறது, வாரத்தில் மூன்று மாலைதான். பெண்களில் ஒருத்தி என்னைவிட ஒரு தலை உயரம், மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிடித்துப் பழக என் எடைக்கு ஆள் இல்லையடி.

அதனால் உடற்பயிற்சி டிவிடி பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே உடம்பை இரும்பாக்கித் தருகிறேன் என்கிறான் அதில் வருகிற ஆள். குதி, படு, எழு, மறுபடி குதி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் பத்து வாங்குகிறான், பொய்யன். கீழ்வீட்டு அம்மா துடைப்பக் கட்டையால் அவர் வீட்டுக் கூரையை இடிக்கிறார். இப்போதெல்லாம் அந்தத் தாளத்துக்குத்தான் குதிக்கிறேன்.

ஜூனில் தேர்வுப் போட்டி. 57 கிலோ பிரிவில் கடைசியில் நிற்கப்போவது நீயும் நானும்தான், போன இரண்டு தடவை மாதிரி. ஜெயிக்கிறவள் அணிக்குப் போவாள், தோற்றவள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். டிவிடியையும் கூடத்தையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று யோசித்து எழுது. உனக்குத்தான் இந்த மாதிரி விஷயத்தில் மூளை ஓடும்.

உன்
பட்டாசு


ஜனவரி 25

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற இரும்புக்கடையில் வைத்துப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் ஆணி வாங்க வந்தவர் பயந்துபோய், "ஏம்மா, விலை ஏதும் ஏறிடுச்சா?" என்றார்.

யோசித்துவிட்டேன். கூடத்துக்குப் போகிற நாளில் டிவிடியைத் தொடாதே. போகாத நாளில் செய், அதிலும் குதிக்கிற பகுதியைப் பாதியாகக் குறை. ஞாயிறு எதுவும் வேண்டாம், காலை நீட்டிக்கொண்டு கிட. அந்த ஆளுக்கு உன் இடது முழங்காலைத் தெரியுமா? எனக்குத் தெரியும். களைத்த காலோடு ஜூடோ மெத்தையில் நின்றால் உனக்கு மட்டுமா அடிபடும், எதிரே நிற்கிறவளுக்கும்தான்.

இன்னொன்று. பழைய புகார்தான். கோபத்தில் எறியும்போது நீ சட்டைக் கையை விட்டுவிடுகிறாய். விழுகிறவள் தலை தரையில் மோதாமல் இருக்க, எறிந்தவள்தான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். என் மண்டை கெட்டி, தாங்கியது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள், பார்த்து.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பொங்கிப் போடுகிற அண்ணிக்குத்தான் என் மேல் கோபம், வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறதாம். பசியே இல்லை. மருந்துக்கடைக்காரர் ஜீரணத்துக்கு ஏதோ கொடுத்தார். கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன், இரண்டு கிலோவைக் காணோம். தராசு கெட்டுவிட்டதோ என்று ஆணி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். ஆணி சரியாகத்தான் நிற்கிறது.

அன்புடன்
மூட்டை


பிப்ரவரி 20

மூட்டை,

உன் யோசனை நல்ல யோசனை, ஆனால் நான் கேட்கவில்லை. காலையில் டிவிடி, மாலையில் கூடம், இரண்டும் முழுசாகத்தான் செய்கிறேன். இங்கே உள்ள மாஸ்டர் நேற்று எல்லார் முன்னாலும், "உன் காலை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியாம்மா?" என்று கேட்டார். மானம் போயிற்று. முழங்கால் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது, ஏறும்போது ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் பனிக்கட்டியைத் துணியில் கட்டி வைத்துக்கொண்டே திட்டுகிறார். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய அவரால்தான் முடியும்.

ஆனால் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஜூனில் நீ குத்திப் பார்க்கலாம்.

இப்போது உன் எடை என்ன? உடுப்போடு ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மூஞ்சியைப் பார்த்தால்தான் எனக்கு வெறி வருகிறது, டிவி ஆளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பட்டாசு


மார்ச் 8

அன்புள்ள பட்டாசுக்கு,

படம் எடுக்க ஆள் இல்லை. எடையா? 53. குதிக்காமல் கொள்ளாமல் சும்மா இருந்தே இளைக்கிறேன். உன் டிவி ஆளிடம் சொல், வந்து என்னிடம் பாடம் கேட்கட்டும். பெல்ட்டைக் கட்டினால் முனை முழங்கால் வரை தொங்குகிறது. சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்து, "அக்கா, வாலு! வாலு!" என்கிறார்கள். இப்போது அவர்களுக்கு மட்டும்தான் சொல்லித் தருகிறேன், மற்றவர்களோடு நான் பிடிப்பதில்லை. கொஞ்சம் அசதி.

முழங்காலை மருத்துவரிடம் காட்டு. என்னைக் கேலி செய், பரவாயில்லை, காட்டிவிட்டு வந்து கேலி செய்.

அன்புடன்
மூட்டை


ஏப்ரல் 2

உனக்கு,

நேற்று நம் பழைய கூடத்துச் சுருட்டைமுடிக்காரி போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "அவ 52க்குள்ள வந்துட்டா, ஆளே மாறிட்டா" என்றாள். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

அசதியாம்! பசி இல்லையாம்! நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? ஐந்து வருடம் ஒரே எடையில் நின்றவள் மூன்று மாதத்தில் ஒரு பிரிவே கீழே இறங்குவாள், அது தானாக நடந்ததா? என்னைக் குதிக்காதே, பாதியாகக் குறை, ஞாயிறு படுத்துக்கிட என்று எழுதிவிட்டு நீ அங்கே என்ன பயிற்சி எடுக்கிறாய்? யார் சொல்லித் தருகிறார்கள்? மற்றவர்களோடு ஏன் பிடிப்பதில்லை என்று இப்போதுதான் புரிகிறது. யாரும் பார்த்துவிடக்கூடாது, அவ்வளவுதானே.

என்னை எதிர்த்து நிற்கப் பயமாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். 52ல் போய் நீ சுலபமாக அணிக்குள் நுழைவாய், நான் உன் பையைத் தூக்க வேண்டும், அப்படித்தானே? கனவு காணாதே. நீ இறங்கினால் நானும் இறங்குவேன். ஜூனில் 52ல் பார்க்கலாம். இனி மூட்டை என்று உன்னைக் கூப்பிட என்ன இருக்கிறது?

(கையெழுத்துப் போட மனமில்லை.)


ஏப்ரல் 20

அன்புள்ள பட்டாசுக்கு,

வெடித்துவிட்டாயா? நல்லது. சத்தம் இங்கே வரை கேட்டது, அண்ணன் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

சுருட்டைமுடிக்காரி சொன்னது பொய் இல்லை. ஆமாம், 52க்கும் கீழே வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல்தான்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. வயிற்றில் கட்டி. மார்ச் கடைசியில் தெரிந்தது. வெட்டி எடுக்க முடியாத இடத்துக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். மருந்து ஏற்றுகிறார்கள், அது கொஞ்ச காலத்தைத்தான் தள்ளிப்போடுமாம். பயிற்சியும் இல்லை, சொல்லித் தர ஆளும் இல்லையடி. உடம்பு தானாகக் கரைகிறது.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவாயா? இங்கே எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். அண்ணன் குரலை உயர்த்துவதில்லை. முதலாளி பேசவே கூச்சப்படுகிறார். மாஸ்டர் என் பெல்ட்டைத் தானே கட்டிவிட வருகிறார். நீ ஒருத்திதான் என்னைப் போட்டியாக நினைத்துச் சண்டைக்கு வந்தாய். அந்த ஒரு நாள் முழுக்க நான் நன்றாக இருந்தேன். அதனால்தான் முன்பே சொல்லவில்லை. நீயும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவாயோ என்று பயம்.

ஆனால் நீ எடை இறங்குகிறேன் என்கிறாய், அதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. இறங்காதே. 57 உன்னுடையது. ஜெயித்துவிட்டு வா. பையைத் தூக்க முடியாது, பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அழுதுகொண்டு ஓடி வராதே. எழுது மட்டும். திட்டி எழுது.

மூட்டை


மே 19

பட்டாசு,

என் கடிதம் கிடைத்ததா? ஒரு வரி போதும்.

மூட்டை


ஜூன் 16

மூட்டை,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நான் கோபம் வந்தால் போனைப் பாதியில் வைக்கிறவள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்றாய். முடியும்டி. "உன்னிடம் சொல்லாமல்தான்" என்ற இடத்தில் உன் ஏப்ரல் கடிதத்தை மடித்தேன். மடித்து டிவிடி பெட்டிக்குள் வைத்தேன். மே மாதக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை, அதன் மேலேயே போட்டேன். அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் தெரிந்தது. பார்த்துவிட்டு இன்னும் வெறியோடு குதித்தேன்.

நேற்று தேர்வு. எடை பார்க்கும் மேடையில் 52க்குள் வந்துவிட்டேன். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட அளந்து குடித்தேன். கன்னம் ஒட்டி, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, உன்னைத் தேடினேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் 52ல் உன் பெயர் இல்லை. 57ல் பார்த்தேன், இல்லை. 48ல்கூடப் பார்த்தேன், அவ்வளவு கேவலமாக நினைத்தேன் உன்னை. முதல் ஆட்டத்திலேயே ஒரு சின்னப் பெண் என்னை எறிந்துவிட்டாள். காலே இல்லை எனக்கு. ஆனால் அவள் என் சட்டைக் கையை விடவில்லை, என் தலையைத் தரையில் மோதவிடவில்லை. அந்த நொடியில் உன் ஞாபகம்தான்.

வெளியே நம் மாஸ்டரைப் பார்த்து, "எங்க சார் அவ? என்னைப் பார்க்கப் பயந்து வரலையா?" என்றேன். அவர், "உனக்கு எழுதிட்டேன்னு சொன்னாளேம்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, அந்தப் பெட்டியைத் திறந்து, மடித்த இடத்திலிருந்து படித்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்க் கீழ்வீட்டு அம்மாவைக் கூட்டி வந்துவிட்டார். துடைப்பத்தால் இடிக்கிற அந்த அம்மாதான் என்னை மடியில் போட்டுக்கொண்டார்.

நீ நோயில் இழந்த எடையை நான் வீம்பில் இழந்திருக்கிறேன். உன்னைத் தோற்கடிக்க உன் பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறேன், நீ எங்கே போகிறாய் என்றுகூடப் பார்க்காமல். என்னை விட்டால் உன்னோடு சண்டை போட ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்தேனே, பாவி.

போன் செய்தேன். அண்ணி எடுத்தார். "பேசமாட்டேங்கிறா. காகிதத்துல சொன்னதுக்குக் காகிதத்துல பதில் வரட்டும்ங்கிறா" என்றார். சரிதான், உனக்கு உரிமை இருக்கிறது. மாஸ்டர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், நாளைக்குத்தான் கிளம்புகிறார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் வரலாமா? உன் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். மெதுவாகப் பேசமாட்டேன், சத்தியம். வேண்டாம் என்றால் அதையும் எழுது. இந்தத் தடவை கடைசி எழுத்து வரை படிப்பேன்.

பட்டாசு


ஜூன் 24

பட்டாசு,

எழுத்து அண்ணியுடையது, பேச்சு என்னுடையது. பேனாவைப் பிடித்தால் ஒரு வரிக்கு மேல் கை ஓடமாட்டேன் என்கிறது. அண்ணி என் பேச்சை மரியாதையாக மாற்றி எழுதிவிடுவார், அதனால் திட்டு குறைவாக இருந்தால் நான் பொறுப்பில்லை.

கோபம் இருந்தது. தபால்காரர் வருகிற வழி தெரியட்டும் என்று கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். அவர் ஒவ்வொரு நாளும் எதிர்வீட்டோடு திரும்பிவிடுவார். இந்தத் தடவை நீ மெத்தையில் இல்லாமலேயே என் கையை விட்டுவிட்டாய், தலை நன்றாகவே மோதியது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நீ எப்படி இருந்தாய் என்று சொன்னார். கழுத்தெலும்பு தெரிகிறதாம், நொண்டுகிறாயாம். எனக்காக அழுதது போதும் என்று நிறுத்தியிருந்தேன், உனக்காக மறுபடி அழுதேன். நோய் நொடி இல்லாத நல்ல உடம்பை யாராவது இப்படிப் பாழாக்குவார்களா? அறிவுகெட்டவளே. (இதை அண்ணி அப்படியே எழுதிவிட்டார், பார்.) அந்த ஆளைப் பெட்டியில் போட்டுப் பூட்டு. பூட்டு எங்கள் கடையிலேயே இருக்கிறது.

உனக்கு ஒரு நிபந்தனை சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டு, முழங்காலைச் சரி செய்து, மறுபடி 57 ஆன பிறகுதான் என் வாசலில் கால் வைக்க வேண்டும், கடைத் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன் என்றேன். அண்ணி அதை எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னையே பார்க்கிறார்.

சரி அண்ணி, அந்த நிபந்தனையை அடித்துவிடுங்கள்.

அதுவரை என் உடம்பு தாங்காதுடி. இப்படியே வா.

மூட்டை