பதினான்காவது வாக்குறுதி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை அறிக்கை வெளியான மறுநாள் நாளிதழில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். கட்சித் தலைவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்று தேர்தல் அறிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. நாங்களும் ஏதோ இருக்கிறோம்.

நீ அனுப்பிய டிரைவர் அச்சகத்துக்கு வந்து கடிதத்தைக் கொடுத்தார். நான்கே வரி. தேர்தல் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் உள்ள பதினான்காவது வாக்குறுதி, பிழை திருத்துபவராகிய என்னுடைய கவனக்குறைவால் இடம்பெற்றுவிட்டதாம், கட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம், நான் வருந்துகிறேனாம். அடியில் என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தத் தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். கோடு காலியாகத்தான் இருக்கிறது.

பதிலை நேற்றே போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ நடுவில் புகுந்து புகுந்து பேசி என் வாயை அடைத்துவிடுவாய். மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவனோடு வாயால் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீயாகவே கூப்பிட்டு அந்த வாக்குறுதியைப் படித்துக் காட்டினாய். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் எந்தத் தொழிலுக்கும் இனி உரிமம் தேவையில்லை, கடை திறப்பவர் ஒரு தபால் அட்டையில் தெரிவித்தால் போதும் என்று. மாமாவை நெனச்சுத்தான்க்கா எழுதினேன் என்றாய். நான் போனை வைத்துவிட்டு, காகிதக் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்று அழுதேன். உன்னை வளர்த்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடச்சி நான்!

மாமாவின் நிலைமையை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். என்னைக் கட்டிய நாளிலிருந்து வீட்டை ஒட்டிய கொட்டகையில் பதினெட்டு வருஷம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்த மனிதர். உரிமம் இல்லை என்று, உங்கள் கட்சியின் கையில் இருக்கிற நகராட்சி பூட்டி சீல் வைத்தது. உரிமம் கேட்டால் தீயணைப்புச் சான்று கொண்டுவா என்றார்கள். தீயணைப்பு அலுவலகத்தில் முதலில் உரிமத்தைக் கொண்டுவா என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் பதினான்கு மாதமாக நடந்துகொண்டிருக்கிறார். உன் கட்சி வட்டச் செயலாளர், கட்சியில் சேர்ந்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று கண்ணடித்தாராம். இப்போது உரிமம் வைத்திருக்கிற ஒரு கடையில் எடுபிடியாக இருக்கிறார். முட்டிவலியோடு மூன்று மாடிக்கு ஃபிரிட்ஜ் தூக்குகிறார். பழைய வாடிக்கைக்காரர்கள் ரகசியமாகக் கூப்பிட்டால், திருப்புளியையும் குறடையும் காய்கறிப் பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு போகிறார். திருடப் போகிறவன்கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து போவான்.

அப்புறம் போன மாதம் கடைசி புரூஃப் உன் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. பதினான்காவது வாக்குறுதியின் மேல் ஒரு கோடு. யாரோ பெரியவர் அடித்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அடிக்கிற கோட்டைக்கூட அளவுகோல் வைத்துப் போடுகிறவன் நம் குடும்பத்தில் ஒருத்தன்தான். ஓரத்தில் உன் கையெழுத்திலேயே எழுதியிருந்தாய்: இதை நீக்கிவிட்டு, வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி இலவசம் என்று சேர்க்கவும்.

உரிமம் வாங்கிய கடைக்காரர்களின் சங்கம் உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை வந்துபோன கதையை எங்கள் முதலாளி சொன்னார். அவர்களுடைய நாட்காட்டியும் எங்களிடம்தான் அச்சாகிறது. பெட்டிகளை அவர்களிடமே வாங்கப் போகிறீர்களாமே. நல்ல ஏற்பாடு. எதிர்க்கட்சிக்காரன் துணி துவைக்கிற மெஷின் தருகிறேன் என்கிறான், நீங்கள் ஃபிரிட்ஜ் தருகிறேன் என்கிறீர்கள். ஊர் முழுக்க ஃபிரிட்ஜைக் கொடுப்பீர்கள், அதைச் சரிபார்க்கத் தெரிந்தவன் கொட்டகைக்கு சீல் வைப்பீர்கள். இதை எழுதும்போது உனக்குச் சிரிப்புக்கூட வரவில்லையா? எங்களுக்கு யாரும் எதையும் தர வேண்டாம். பூட்டைத் திறந்துவிட்டு, வழியிலிருந்து தள்ளி நின்றால் போதும். அதற்குக் கையாலாகாமல்தான் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் கட்டுகிறீர்கள்.

நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. பக்கம் போடுகிற பெண்ணிடம் ஃபிரிட்ஜைப் பதினைந்தாவதாகச் சேர்க்கச் சொன்னேன். பதினான்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் போட்டுக் கொடுத்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். புரூஃபில் நீ போட்ட கோட்டையும் பார்த்தேன், கோட்டுக்கு அடியில் இருந்ததையும் பார்த்தேன். ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பதாயிரம் பிரதி. இருபத்திரண்டு வருஷத்தில் எழுதியவர் அடித்ததை நான் விட்டுவைத்தது அந்த ஒரே தடவை.

அதற்குப் பிறகு நடந்தது உன் கட்சியின் பாடு. சைக்கிள் கடைக்காரர் பதினோராம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், வேனில் நின்றிருந்த உங்கள் வேட்பாளரிடமே நீட்டி, இது நிஜமா என்று கேட்டாராம். அந்த மகராசன் சொந்த அறிக்கையைப் பிரித்தே பார்க்காதவர் போலிருக்கிறது. மைக்கில் சத்தமாகப் படித்தார். தெருவே கை தட்டியது. அவருக்கு இதுவரைக்கும் யாரும் அப்படித் தட்டியதில்லை. அன்றிலிருந்து தெருத்தெருவாக அதையே சொல்லி வோட்டுக் கேட்கிறார். இஸ்திரி போடுகிறவர், தையல்காரம்மா, முடிவெட்டுகிறவர் என்று ஆளாளுக்கு உங்கள் வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் தபால் அட்டையோடு நிற்கிறார்கள். ஃபிரிட்ஜ் எப்போது வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது சங்கம் உன் கழுத்தைப் பிடிக்கிறது, நீ என் கழுத்தைப் பிடிக்கிறாய். நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன் வேலை போகும் என்கிறாய். அச்சகத்துக்கு இனிமேல் எந்த வேலையும் வராது என்று முதலாளி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நல்ல மனிதர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன், செய்தது தப்புதான், என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன் என்று கட்சிக்குச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். மேஜைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இனி வீட்டில் இருக்கிறது மாமாவின் எடுபிடிச் சம்பளம் மட்டும்தான்.

ஆனால் கவனக்குறைவு என்று எழுதித் தர மாட்டேன். நேற்று போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. “ஒரு கையெழுத்துதானேக்கா, உன்ன யாரு வந்து கேக்கப் போறா?” அடேயப்பா, என்ன சாமர்த்தியம். அந்த வாக்குறுதி வேண்டாம் என்றால் உங்கள் தலைவர் அதே மைக்கைப் பிடித்து, ஏழைபாழை தொழில் செய்ய எங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லட்டுமே. சொல்ல மாட்டீர்கள். அடிக்கவும் வேண்டும், அடித்தது யாருக்கும் தெரியவும் கூடாது. அதற்கு ஓர் இளிச்சவாய் அக்கா வேண்டும்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மாமா அந்தப் பதினோராம் பக்கத்தைக் கிழித்து, சீல் வைத்த கதவில் ஒட்டியிருக்கிறார். போகிற வருகிறவர்களை நிறுத்தி, “எங்க மச்சான் எழுதினது” என்று காட்டுகிறார். இத்தனை நாள் இந்த வீட்டில் அவர் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாச் சாமான்களையும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். நீ போட்ட கோட்டைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. வேலையை விட்டதற்குக்கூடக் கண் வலி என்று காரணம் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் உன்னைக் காப்பாற்றச் சொன்னது.

என் கையெழுத்து வேண்டுமென்றால் நீயே நேரில் வா. கட்சிக் காரில் வராதே, பஸ்ஸில் வா. மாமா அந்தக் கதவுக்கு முன்னால்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். அந்த வாக்குறுதியைக் கோடு போட்டு அடித்தது நான்தான் மாமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டால், நீ நீட்டுகிற எந்தத் தாளிலும் அப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

சொல்ல வாய் வராவிட்டாலும் வா. சாப்பிட்டுவிட்டுப் போ. நன்றாக இரு.

அக்கா