இரண்டு கட்டத்தில் என் கையெழுத்து

ஆகஸ்ட் 12, இரவு

இரவுப் பள்ளியில் எழுதப் பழகிய பிறகு, இன்று முதன்முறையாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. அதில்தான் இப்போது குழப்பம்.

மகள் பொன்மணி இங்கே மும்பையிலிருந்து போய்ச் சென்னையில் பைக் ரேஸ் ஓடப் போகிறாள். அவளுக்கு இதுதான் முதல் ரேஸ். வீட்டார் சம்மதக் கையெழுத்துக்காக விண்ணப்பத்தை நீட்டினாள். பெண்கள் பிரிவு, புதியவர்கள் பிரிவு என்று விரல் வைத்து இரண்டு கட்டத்தைக் காட்டினாள். நான் சந்தோஷத்தில் இரண்டிலும் போட்டுவிட்டேன்.

"யப்பா, என்ன செஞ்சிருக்கிய! ஒண்ணுலதான் ஓட முடியும். எது நல்லதுன்னு கேக்கதுக்குல்லா காட்டுனேன்!"

பெண்கள் பிரிவில் ஆறே பேர். கப் கிடைத்தாலும் கிடைக்கும். மற்றதில் முப்பது ஆண்பிள்ளைகளோடு வளைவில் உரசித் திரும்ப வேண்டும். கடைசியாக வந்தாலும் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்கிறாள்.

"நீ விழுந்துட்டன்னா?" என்றேன்.

"ரெண்டுலயும்தான் விழலாம். நம்ம தாராவி சந்துல நான் விழாததா?"

வேறு விண்ணப்பம் இல்லை. காலையில் அனுப்ப வேண்டும். "போட்டது நீங்க, ஒண்ண அடிக்கதும் நீங்கதான்" என்று சிரித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

பெண்கள் பிரிவு என்றால் எனக்கு நிம்மதி. ஆனால் அங்கேதான் முதலில் போட்டேன். எழுத்து நடுங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டாவது நேராக நிற்கிறது. அதை அடிக்கப் பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். மனம் வரவில்லை.

முதல் கையெழுத்தின் மேல் கோடு போட்டுவிட்டேன். கோடும் நடுங்கித்தான் வந்திருக்கிறது.